சீமையார் முகத்தில் என் பங்கு

"அக்கா, அப்படியே இருங்க. கண்ண மட்டும் திருப்பாதீங்க."

வில்லியனூரில் ஒரு ஓட்டுக் கொட்டகை. உள்ளே ஈரக் களிமண் வாசம், வெளியே சூளைப் புகை. நான் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று பெயருக்குத்தான் சொல்கிறேன், பாதி எழுந்துவிட்டேன். தலையில் துண்டு கட்டியிருந்தது. கையில் இருந்த டீ தளும்பிப் புடவையெல்லாம் கொட்டியிருந்தது.

எதிரே பலகைமேல் ஒரு பெரிய மண் தலை. முறுக்கு மீசை இருந்தது. மூக்கு, காது, தாடை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் இருந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கட்டைவிரலால் அழுத்திய இரண்டு குழிகள்.

அந்தத் தலை சீமையாருடையது. என்னை அசையாமல் இருக்கச் சொன்னவர் குணசேகரன், சீமையாருக்குச் சிலை செய்துகொண்டிருந்த மண்சிற்பி. நான் அப்போது யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன், எதற்காகத் திட்டினேன் என்பதுதான் இந்த வாரச் சமாச்சாரம்.

போன வாரம் கரும்பு வெட்டு ஆட்களோடு நான் போட்ட சண்டையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அம்மா, நீங்கள் எப்போதுமே கோபமாகத்தான் இருப்பீர்களா?" என்று கேட்டிருந்தார். இல்லை ஐயா, தூங்கும்போது இருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை ஒரு மனுஷன் பார்த்து, இது வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட கதையும் ஒன்று உண்டு. அதைக் கேளுங்கள்.

யார் இந்தச் சீமையார்?

எங்கள் ஊர் குருவிநத்தத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சீமையார் ராஜா இல்லை. ராஜா செஞ்சிப் பக்கம் எங்கோ இருந்தார். அவர் சார்பில் பாகூர்ச் சீமையைப் பார்த்துக்கொண்ட அதிகாரி இவர். வரி வாங்குவது, வாய்க்கால் வெட்டுவது, வரப்புத் தகராறு தீர்ப்பது எல்லாம் இவர் வேலை. இன்றைக்குச் சொன்னால் கவர்னர். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சீமையார் என்றால் போதும்.

கடல் பக்கம் கப்பல் வந்து, அந்நியப் படை ஒன்று இறங்கி, ஆற்றோரமாகவே பீரங்கி வண்டிகளை இழுத்துக்கொண்டு மேற்கே வந்ததாம். சீமையார் செஞ்சிக்கு ஆள் அனுப்பினார். பதில் வரவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஈட்டி பிடிக்கத் தெரிந்த கொஞ்சம் குடியானவர்கள்தான். பீரங்கி முன்னால் ஈட்டி என்ன செய்யும்?

அறுப்புக்கு நெல் தலைசாய்ந்து நின்ற நேரம் அது. சீமையார் ஏரி மதகுகளை எல்லாம் திறந்துவிட்டார். முதலில் முழுகியது அவருடைய சொந்த வயல். பிறகு ஊரார் வயல். இரும்புச் சக்கரங்கள் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கின. சேற்றில் நடக்கத் தெரியாதவர்கள் மேல் சேற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் போய் விழுந்தார்கள். வந்தவர்கள் பீரங்கியை விட்டுவிட்டு வந்த வழியே ஓடினார்கள். சீமையார் அந்தச் சண்டையில் பட்ட காயத்தோடு ஆற்றங்கரையில் செத்துப்போனார். பின்னால் வேறு ஆட்கள் வேறு வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது வேறு கதை.

ஒருமுறை டவுனிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து, இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்டார். ஏரி இருக்கிறது, மதகு இருக்கிறது, வயல் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான், பாவம்.

எந்த அந்நியர்?

ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு சிலை வைப்பது என்று ஊரில் முடிவானதும் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் சிவக்கொழுந்து. என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், அந்த முறையில் எனக்கு மாமா. கரும்பு விவசாயி. ஊரிலேயே பெரிய மீசை. அந்த மீசைக்காகவே தலைவர் ஆக்கினார்கள் என்று நான் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கமிட்டியில் இன்னொருவர் அந்துவான் அண்ணன். வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரர். வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கெங்கோ போய் வந்து, இப்போது எங்கள் ஊர் எல்லையில் நிலம் வாங்கி நெல் வைக்கிறார். பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. பட்டாளத்துக்காரர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். அதனால் அவர் சொல்தா அந்துவான்.

கல்வெட்டில் என்ன எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "பிரெஞ்சுப் படையை விரட்டியவர்னு போடுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்துவான் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அவன் இங்கிலீஷ்காரன்பா. பிரெஞ்சுக்காரன் சேத்துல எறங்கறதுக்கு முன்னாடி மண்ண தொட்டுப் பாத்திருப்பான். எங்களுக்கு ட்ரெய்னிங்லயே அத்ததான் சொல்லிக் குடுத்தாங்க."

"நீங்க எந்தக் காலத்து ட்ரெய்னிங்க சொல்றீங்க அண்ணே?" என்று சிவக்கொழுந்து மாமா கேட்டார்.

"எந்தக் காலமா இருந்தா இன்னா, பட்டாளம் பட்டாளந்தான்."

பக்கத்து ஊர் சோரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து, அவன் டச்சுக்காரனாகவும் இருக்கலாம் என்று புதிதாக ஒரு கட்சி தொடங்கினார். கடைசியில் 'அந்நியப் படை' என்று மட்டும் போடுவது என்று முடிவானது. பென்ஷனுக்கும் பங்கம் இல்லை, சரித்திரத்துக்கும் பங்கம் இல்லை.

பங்கு போட்ட முகம்

கல்வெட்டு முடிந்தது, முகம் முடியவில்லை. சீமையார் எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? படம் இல்லை, பழைய சிற்பம் இல்லை.

குணசேகரன் முதலில் ஒரு தலை செய்தார். அச்சு அசல் ஒரு சினிமா ஹீரோ. அதைத் திறந்தால் பையன்கள் பால் ஊற்றி விசில் அடிப்பார்கள் என்று திருப்பிவிட்டோம். இரண்டாவது தலை குணசேகரன் மாதிரியே இருந்தது. கண்ணாடி பார்த்துச் செய்திருக்கிறார். கேட்டதற்கு, "தானா அமைஞ்சிடுச்சிங்க" என்றார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "உங்க ஊரு ஆளு யாராவது ஒருத்தர் வந்து உக்காருங்க. அந்த ஊரு மண்ணுல பொறந்த மூஞ்சிதானே அவருக்கும் இருந்திருக்கும்."

சரியான பேச்சு. ஆனால் உட்கார ஆள் வேண்டுமே. உயிரோடு இருப்பவனுக்குச் சிலை வைத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. வெளியே கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். தன் முகத்தைக் கொடு என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். சிவக்கொழுந்து மாமா வருகிறேன் என்றுதான் சொன்னார். அவர் வீட்டு அக்கா ஒரு பார்வை பார்த்தது. மாமா அன்று சாயங்காலமே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் எங்கள் ஊர் மூளை வேலை செய்தது. முழு முகத்தையும் ஒருவன் கொடுத்தால்தானே ஆபத்து? ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தால் ஆயுசில் ஆளுக்குக் கொஞ்சம்தானே குறையும், அது கணக்கிலேயே வராதே. இதைக் கமிட்டியில் தீர்மானமாகவே வைத்து நிறைவேற்றினார்கள். நான் கதை விடவில்லை.

மீசை சிவக்கொழுந்து மாமா. மூக்கு சோரியாங்குப்பத்து டிராக்டர்காரர் ஒருவருடையது. அந்த ஊருக்கும் சிலையில் பங்கு வேண்டும் என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றதால் மூக்கை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தோம். காது, கடுக்கன் போட்டு மடல் தொங்கிப்போன ஒரு பெரியவருடையது. தாடை எங்கள் தெரு மேஸ்திரி. புருவம் அந்துவான் அண்ணன். அவர் புருவத்தில் ஒரு ஆடு மேயலாம்.

இப்படி எல்லாம் வந்து சேர்ந்தது. கண் வரவில்லை. சிலைக்குக் கண் திறப்பதுதான் உயிர் கொடுப்பது. மற்றதெல்லாம் துண்டு, கண் மட்டும் முழுசு என்று எல்லாருக்கும் பட்டுவிட்டது. கண் கொடுக்கிறவன் உயிரையே கொடுக்கிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

கொட்டகையில் ஒரு சண்டை

நான் கமிட்டியில் இல்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகைக்கு நான் போனது ஆஸ்பத்திரியால்.

எனக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, ஊசி மருந்தெல்லாம் ஏற்றி முடித்திருந்த சமயம். தலைமுடி எல்லாம் கொட்டி, புதிதாக அறுத்த வயல் மாதிரி கட்டை கட்டையாக முளைத்துக்கொண்டிருந்தது. புருவமும் போய்விட்டது. செக்கப்புக்கு டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கமிட்டிக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வில்லியனூர் போகிறோம், அப்படியே உன்னையும் இட்டுப் போகிறோம் என்றார்கள். திரும்பும்போது கொட்டகையில் இறங்கினார்கள். வெயிலில் வேனுக்குள் என்ன செய்வது என்று நானும் இறங்கினேன்.

உள்ளே பேச்சு கண்ணைப் பற்றித்தான். திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தாளி வர ஒத்துக்கொண்டாயிற்று, தேதி நெருங்குகிறது.

"எனுக்கு சக்கர. கண்ணு பாதி மங்கல். மங்கின கண்ண வெச்சா நல்லா இருக்குமா?" என்றார் சிவக்கொழுந்து மாமா.

"எனுக்கு ஆபரேஷன் பண்ண கண்ணு" என்றார் அந்துவான் அண்ணன். "உள்ள இருக்கற லென்சு பிரான்சுல வெச்சது. அந்தக் கண்ண சீமையாருக்கு வெச்சா, அப்புறம் அவரு யாரு கூட சண்ட போட்டாருன்னு ஆயிடும்."

குணசேகரனுக்கு அலுத்துப்போய்விட்டது. "இன்னாங்க இது, மாசக்கணக்கா இதே பேச்சு. பேசாம கோயில் சாமிக்கு வெக்கற மாதிரி பெருசா, உருட்டி வெச்சிடறேன். யாருக்கும் வம்பில்ல."

"அதுவும் சரிதான்" என்றார் மாமா. "சாமி மாதிரி இருந்தா ஜனங்க கும்பிட்டுக்கினு போவும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டீயோடு எழுந்துவிட்டேன்.

"சாமியாக்கிட்டா அவரு பண்ணது இன்னா பெருசு மாமா? சாமி பயிர முழுகடிச்சா மறுநாளே வெளைய வெச்சிக்கும். அதுக்கு இன்னா நஷ்டம்? இவரு மனுசன். அறுப்புக்கு நின்ன நெல்லு அது. அடுத்த வேளைக்கு இன்னா துன்றதுன்னு வூட்ல கேட்டிருப்பாங்க. கேட்டதுக்கு பதில் இல்லாமதான் போய் மதகத் தொறந்தாரு. மீச குடுக்கத் தெரியுது, மூக்கு குடுக்கத் தெரியுது. கண்ணு குடுக்க ஒருத்தரும் இல்லன்னு அவர சாமியாக்கி கையக் கழுவறீங்களா?"

அப்போதுதான் குணசேகரன் அதைச் சொன்னார். அப்படியே இருங்க, கண்ண மட்டும் திருப்பாதீங்க என்று. சொல்லும்போதே கையில் களிமண்ணை எடுத்துவிட்டார்.

"டேய், இன்னாடா பண்ற? அது பொம்பள" என்றார் மாமா.

"கண்ணுல இன்னாங்க ஆம்பள பொம்பள? மீசதான் உங்க மீசையாச்சே, அது போதும்."

சிரித்திருக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. அந்துவான் அண்ணன் என் தலைத் துண்டைப் பார்த்தார். "தங்கச்சிக்கு ஒடம்பு இப்பதான்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார். மிச்சம் எல்லாருக்கும் புரிந்தது. ஆயுசைப் பற்றிப் பேச அந்தக் கொட்டகையில் என்னைவிடப் பொருத்தம் இல்லாத ஆள் யாரும் இல்லை.

"இருக்கட்டும் அண்ணே" என்றேன். "நீ எடு தம்பி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். அந்த வருஷம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பார்வைதான் பார்த்தார்கள். எதிரே வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பார்க்க வரும்போது வாங்கி வந்த ஆப்பிளை என்னிடம் கொடுக்காமல் என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பார்கள். நான் திட்டினால்கூட, பாவம் திட்டட்டும் என்று சும்மா நிற்பார்கள். என் திட்டுக்கு ஊரில் இருந்த மரியாதையே போய்விட்டது. முதல்முதலாக ஒருவன் என் முகத்தைப் பார்த்து, இதில் பயப்பட ஏதோ இருக்கிறது என்பதுபோல் களிமண்ணை எடுத்தான். விட்டுவிடுவேனா?

என் வீட்டுக்காரர்

வேன் கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. செல்போன் எதற்கு இருக்கிறது?

என் வீட்டுக்காரர் கலியபெருமாளைப் பற்றி இந்தத் தொடரில் அதிகம் எழுதியதில்லை. அவருக்குப் பிடிக்காது. இந்த வாரம் எழுதப்போகிறேன் என்றதும், "உனுக்கு வேற வேல இல்லையா?" என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் எப்படியோ அதற்கு நேர் எதிர் அவர். ஆட்டுக்குட்டியை அதட்டச் சொன்னால்கூட முதலில் அதைத் தடவிக்கொடுப்பார். சண்டை என்றால் நான் போவேன், அவர் தூர நின்று, செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தீவனம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆஸ்பத்திரில இருந்து உன்ன இட்டாந்து வூட்ல வெச்சது, ஆத்தங்கரையில கொண்டுபோய் நிக்க வெக்கறதுக்கா?"

"பொம்மைக்குக் கண்ணு குடுத்தா உசுரு பூடுமா? டாக்டர் கேட்டா சிரிப்பாரு."

"டாக்டரு சிரிக்கட்டும். நீ அவரு பொண்டாட்டியா?"

அதற்கு மேல் பேச்சில்லை. சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார், வயலுக்குப் போனார், பேசவில்லை. கத்துகிறவரோடு நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் மல்லுக்கட்டுவேன். பேசாதவரோடு எனக்கு முடியாது.

மறுநாள் சாயங்காலம் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏங்க, இந்த ஒரு வருசமா என்னப் பாக்கறவங்க எல்லாரும் எழவுக்கு சீக்கிரமா வந்துட்ட மாதிரி பாத்தாங்க. அந்தத் தம்பி ஒருத்தன்தான் வீரத்தப் பாத்தான். நான் பூட்டாகூட அது அங்க நின்னுக்கினு இருக்கும். எனுக்கு அது வோணும்."

"பூட்டாகூடன்னு சொல்லாத" என்றார். எழுந்து மாட்டுப் பக்கம் போய்விட்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் குணசேகரன் அடுத்த தடவை கூப்பிட்ட அன்று, டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றார். "வா, நேரமாவுது" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

அந்த உட்காருதல் ஒரு கூத்து. கோபம் கேட்டால் வருமா? முதல் நாள் சும்மா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அக்கா, இது ரேஷன் கடை கியூல நிக்கற கண்ணு, எனக்கு அன்னிக்குப் பாத்த கண்ணு வேணும்" என்று குணசேகரன் கையை உதறிவிட்டார். பிறகு சிவக்கொழுந்து மாமாவையே வரவழைத்து எதிரில் உட்கார வைத்தோம். ஏரி மராமத்தில் அவர் செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் ஆதியிலிருந்து எடுத்தேன். மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு, "சீமையாருக்காகத்தான் கேட்டுக்கினு இருக்கேன்" என்றபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தலைவர் பதவி சும்மா இல்லை.

என் வீட்டுக்காரர் கொட்டகைக்குள் வரவே இல்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் வந்து ஏற்றிக்கொள்வார். குணசேகரனும் தலையை எனக்குக் காட்டவில்லை. ஈரத் துணியைப் போட்டு மூடிவிட்டு, "தெறக்கற அன்னிக்குப் பாருங்க" என்பார். அப்புறம் மண்ணிலிருந்து அச்சு எடுத்து, சிமென்ட்டில் வார்த்து, வண்ணம் பூசி, ஆற்றங்கரைப் பீடத்தில் துணி சுற்றி நிறுத்தியும் விட்டார்கள்.

துணி விலகியபோது

திறப்பு விழா அன்று ஆற்றங்கரை கொள்ளவில்லை. சோரியாங்குப்பம் முழுக்க வந்திருந்தது, மூக்கைப் பார்க்க. பாகூரிலிருந்து நாதஸ்வரம். அந்துவான் அண்ணன் கோட்டுப் போட்டு மெடல்களை எல்லாம் குத்திக்கொண்டு வந்து, வெயிலில் வியர்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். நான் தலையில் துண்டு கட்டாமல் போனேன். முடி இரண்டு விரல் அளவுக்கு வந்திருந்தது. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று முன் வரிசையில் நின்றேன்.

விருந்தாளி கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

ஒரு நிமிஷம் யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பக்கம் "மூக்கு, மூக்கு" என்று சத்தம். மேஸ்திரி தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காது கொடுத்த பெரியவரைப் பேரன்கள் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் கைதட்டல். அது எப்படிப்பட்ட கைதட்டல் என்று எனக்கு எழுத வராது. பெயர்கூடத் தெரியாத ஒரு மனுஷன், எந்தப் புத்தகத்திலும் இடம் கிடைக்காதவர், எங்கள் முகத்தை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டதற்கு அன்றைக்குப் பட்ட பெருமையை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

"நல்லா இருக்கே" என்றார் விருந்தாளி. "ஒரிஜினல் போட்டோ ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சிங்க" என்றார் சிவக்கொழுந்து மாமா. "நெறைய இருந்துச்சி."

விருந்தாளி இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இல்லையே. எங்கயோ தப்பு நடந்திருக்கு போல."

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். அதுவரைக்கும் என் கண் என்னுடைய கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறது. வலது கண் நான்தான். அந்தக் கண் எதிரே வந்தால் நானே ஒதுங்கிப் போவேன், அப்படி ஒரு பார்வை. இடது கண் நான் இல்லை. மேல் இமை கொஞ்சம் தாழ்ந்து, ஓரம் சுருங்கி, கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேருமா சேராதா என்று வரப்பில் குந்திப் பார்க்கிறவனின் கண். பயந்த கண். அந்தக் கண்ணை எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும்.

குணசேகரனைத் திரும்பிப் பார்த்தேன். "நான் கேக்கலக்கா" என்றார். "ஒருநாள் தனியா வந்தாரு. இடது பக்கத்த அழிச்சிட்டு என்னுத வைன்னாரு. மாட்டேன்னா எழுந்து போவ மாட்டேன்னு உக்காந்துட்டாரு."

ஆட்டுக்குட்டியை அதட்டாத மனுஷன்.

கூட்டத்தில் தேடினேன். காற்றில் ஆடிய சாமியானாவின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் போனேன்.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னா பண்ணேன்?"

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயந்தான்" என்றார். "அதுக்குன்னு? ரெண்டும் உன்னுதா இருந்தா மொத்தமும் உன் ஆயுசுல போவும். பாதி என்னுதுல போவட்டும். உனுக்கு மட்டும் தனியா போற வேல இன்னா?"

ஊரையே வாயடைத்த வாய் எனக்கு. அன்றைக்குக் கண்ணீர்தான் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

சீமையார் பயப்படாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஆத்திரத்தைத்தான் கொட்டகையில் கொடுத்துவிட்டு வந்தேன். அப்படி இருந்திருக்க முடியாது என்று அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் தோன்றியது. பிள்ளைகுட்டிக்காரர், குடியானவர்களைக் காப்பாற்ற வேண்டியவர், உதவிக்கு யாரும் வரவில்லை. நடுங்கிக்கொண்டேதான் மதகில் கை வைத்திருப்பார். அந்த முகத்துக்கு என் கண் மட்டும் போதாது. அது எனக்கும் தெரியவில்லை, குணசேகரனுக்கும் தெரியவில்லை.

மேடையில் யாரோ மைக்கைப் பிடித்து, "அஞ்சா நெஞ்சன், மாவீரன்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிலையைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மாவீரரின் இடது கண் என் பக்கத்தில் நின்று, காற்றுக்குச் சாமியானா பறந்துவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு கை பிடித்தேன்.